ஜோடி பேட்டரி

"நீ இன்னாமா சொல்ற?"

கோதண்டம் இப்படிக் கேட்கிறார் என்றால், ஒரு காலத்தில் அது அம்பிகாவைப் பார்த்துத்தான். ஜிபிஎஸ் பெட்டி வாங்குவதானாலும் சரி, ரேஷன் கார்டில் பேர் தப்பாக வந்தாலும் சரி, புயல் நிவாரணத்துக்கு எந்த ஆபீஸில் போய் நிற்பது என்றாலும் சரி, லைட்ஹவுஸ் குப்பத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவர் கழுத்து மகள் பக்கம்தான் திரும்பும். பொன்னேரி காலேஜில் பிஎஸ்சி இயற்பியல். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. அந்தக் கேள்விக்காகவே அவள் படித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அண்ணன் பிரவீனுக்குக் கல்யாணமாகி, சாமுண்டீஸ்வரி பசியாவரம் தீவிலிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்து படகில் வந்து இறங்கினாள். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாமுண்டி பத்தாவதோடு நின்றவள். சத்தமாகப் பேச மாட்டாள். மாமனார் எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நீங்க சொன்னதே சரிதான் மாமா, ஆனா..." என்று ஆரம்பிப்பாள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் அவள் நினைத்தது இருக்கும். கடைசியில் அதுதான் நடக்கும். அம்பிகாவுக்கு அந்த வித்தை வராது. தப்பென்றால் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். படித்தவள் பேசினால் திமிர், பத்தாவது பேசினால் பொறுப்பு. இந்த ஊர் நியாயம் அது என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்ட்ராக்ட் ஆளாக கேட் பாஸ் அடித்துக்கொண்டிருந்த வேலையை அவள் விட்டதும் அப்படித்தான். சூப்பர்வைசர் 'குப்பத்துப் பொண்ணு' என்று இழுத்த இழுப்புக்கு, அவன் மேசையிலேயே ஐடி கார்டை வீசிவிட்டு வந்தாள். இப்போது வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். வீட்டில் உட்கார்ந்திருப்பவள் சொல்லை யார் கேட்பார்கள்?

வாடைக்காற்று மாதத்தில் மின்கம்பம் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தது. ஐஸ் கரைந்து, பெட்டியில் வைத்திருந்த இறால் எல்லாம் நாறிப்போனது. அப்போதுதான் சாமுண்டி வாயைத் திறந்தாள்.

"சோலார் போட்டுடலாம் மாமா. ஒரு ஃப்ரீசரும் வாங்கிட்டா, காலைல வியாபாரி சொல்ற ரேட்டுக்குக் குடுக்க வேணாம். எங்க நைனா வூட்ல தீவுல சோலாருதான், கம்பம் சாஞ்சாலும் எங்களுக்கு லைட்டு எரியும்."

அவ்வளவுதான். சாமுண்டி சோலார் தெரிந்தவள் ஆகிவிட்டாள். தீவு வீட்டில் ஒரு சோலார் பலகை, ஒரு பல்பு. மூன்று வருஷம் இயற்பியல் படித்தவள் அதே வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போகும்போது கோதண்டம் மருமகளைத்தான் கூப்பிட்டார். அம்பிகா கூப்பிடாமலே போய் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். பிரவீன் முன்னால் டிரைவரோடு தொற்றிக்கொண்டான்.

பாசித்தின் கடை ஒரு காலத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. இப்போது வாசலில் நீல நிறத்தில் சோலார் போர்டு. சின்ன வயசுக்காரன், வாய் நிறையப் பேச்சு.

"வாங்கண்ணே வாங்க. இன்னா, குடும்பத்தோட வந்துட்டீங்க? பொண்ணு பாக்க வந்தாப்ல."

"பொண்ணுதான் பாய். நெறம் முக்கியமில்ல, ஓடணும். நல்லதா காட்டு," என்றார் கோதண்டம்.

பாசித் சிரித்துக்கொண்டே ஒரு இன்வெர்ட்டரைத் தட்டினான். "இது சாதா மாடல். லைட்டு, ஃபேனு, டிவி எல்லாம் ஓடும்."

"ஃப்ரீசரு?" என்றாள் சாமுண்டி.

"அதுவும் ஓடும், ஆனா..."

"ஓடாது," என்றாள் அம்பிகா. "அதுல வர்றது சதுர அலை கரண்டு. கம்ப்ரஸர் கத்திகினே சூடாயிடும். வூட்டுக் கரண்டு மாதிரி சைன் வேவ்தான் வேணும். அதுவும் ஃப்ரீசர் கெளம்புற நேரத்துல ஓடுறதவிடப் பல மடங்கு இழுக்கும், அத்தத் தாங்கற சைஸா பாக்கணும். லைட்டு ஃபேனு கணக்குப் போட்டு வாங்கினா மொத நாளே ட்ரிப் ஆயிடும்."

பாசித் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மேடம் கரெக்டா சொல்றாங்கண்ணே. ஃப்ரீசர் இருந்தா பெரிய சைன் வேவ்தான்."

"பாய் சொன்னா சரி," என்றார் கோதண்டம்.

அம்பிகாவுக்குக் காது மடல் சுட்டது. சொன்னது யார், பேர் யாருக்கு!

பிறகு பேட்டரி. பாசித் இரண்டையும் காட்டினான். ஒன்று லித்தியம்: தட்டையாக, சுவரில் மாட்டுவது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், ரொம்ப வருஷம் உழைக்கும், விலை அதிகம். இன்னொன்று டியூபுலர்: தரையில் வைக்கிற கனத்த பெட்டி, அவ்வப்போது பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும், விலை குறைவு. "இந்த இன்வெர்ட்டருக்கு டியூபுலர்னா ரெண்டு வேணும்ணே. ஒன்னோட ஒன்னு கோத்து விட்டுடுவோம்."

"லித்தியம் வாங்கிடலாம் நைனா," என்றாள் அம்பிகா. "நம்ம உப்புக்காத்துக்கு டியூபுலர் முனையெல்லாம் பூத்துப்போவும். தண்ணி யார் பாத்துப் பாத்து ஊத்துறது? அவசரத்துக்கு எவனாவது போர் தண்ணிய ஊத்துவான், செத்துடும்."

கோதண்டம் தாடையைச் சொறிந்தார். கழுத்து திரும்பியது. அம்பிகாவைத் தாண்டித் திரும்பியது.

"நீ இன்னாமா சொல்ற?"

சாமுண்டி டியூபுலர் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள். "இத்தத் தூக்க முடியுமா பாய்?"

"ரெண்டு பேரு தூக்கலாம். உங்க வூட்டுக்காரர் மாதிரி ஆளுன்னா ஒருத்தரே தூக்கிடுவாரு."

"அந்த லித்தியத்த?"

"அத்த எதுக்கும்மா தூக்கணும்? செவுத்துல போல்ட்டு போட்டு முறுக்கிடுவோம்."

"மாமா, அம்பிகா சொல்றது சரிதான். ஆனா புயலுன்னா வூட்டுக்குள்ள தண்ணி ஏறுதே. எங்கூர்ல பேட்டரியப் பரண்ல ஏத்திட்டுதான் நாங்க படகு ஏறுவோம். செவுத்துல முறுக்கிட்டா அப்டியே முழுகிப்பூடும்."

"ஆமா பாய், பேட்டரின்னா தூக்கணும்," என்றார் கோதண்டம். பிரவீனும் பெருசாகத் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அம்பிகாவுக்குப் புரிந்துவிட்டது.

குப்பத்தில் பேட்டரிக்குக் கால் உண்டு. வீட்டில் கரண்ட் போனால் போட்டில், மீன்பிடிப் படகில், இருக்கும் பேட்டரி வீட்டுக்கு வந்து பல்பு எரிக்கும், ஊர் போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றும். போட்டில் பேட்டரி செத்தால் பக்கத்து வீட்டு பேட்டரி தோளேறிக் கரைக்குப் போகும். கடலுக்குப் போவதுதான் முதல். வீட்டுச் சாமானெல்லாம் அதற்கு அப்புறம். யாரும் யாரையும் கேட்பதில்லை. சாமுண்டி புயலை நினைத்துச் சொன்னது பிரவீன் காதில் போட்டுக்குத் தூக்குவதாக விழுந்திருக்கிறது. இன்றைக்கில்லை என்றால் நாளைக்கு அதில் ஒன்றைத் தூக்கப்போகிறான். ஆனால் இது ஜோடி. ஒரே வயசு, ஒரே அளவு, ஒன்றாகவே நிறைந்து ஒன்றாகவே வடிய வேண்டும். பிரித்தால் இரண்டும் கெடும்.

டவுன்காரன் பாசித்துக்கு, இவர்கள் பேட்டரியைக் கரைக்குத் தூக்கிப் போவார்கள் என்று தெரியாது. இவர்களுக்கு ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அந்தக் கடையில் அவள் ஒருத்திதான்.

வாயைத் திறந்தாள். 'பாய் சொன்னா சரி' இன்னும் காதிலேயே இருந்தது. மூடிக்கொண்டாள். கேட்டது அண்ணியைத்தானே, அவளே பதில் சொல்லட்டும்.

கூரையில் பலகைகள் ஏறின. வலை போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து ஃப்ரீசரை வைத்தார்கள். மூலையில் இரண்டு பேட்டரி, மேலே இன்வெர்ட்டர். உப்புக்காற்று படக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினார்கள். எதிர்வீட்டு நாகம்மாள் தினம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"சாமுண்டி வந்த நேரம் பாரேன், கோதண்டம் வூட்ல சூரியனே வேலைக்கு வருது! ஏன்டி அம்பிகா, நீ படிச்ச படிப்புல இதெல்லாம் வராதா?"

"வரும்க்கா. டிவி ரிமோட்டுல செல்லு திருப்பிப் போட்டுட்டு என்னக் கூப்புடுறியே, அதுவும் அந்தப் படிப்புலதான் வரும்."

நாகம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். ஆனால் ஊரில் பேச்சு மாறவில்லை. சாமுண்டி பார்த்து வாங்கியது, சாமுண்டி பார்த்து வாங்கியது. வெள்ளை இறால் மலிவான நாளில் கொடுக்காமல் ஃப்ரீசரில் போட்டு வைத்தாள். வியாபாரி வாசலில் வந்து நின்று கேட்டான். கோதண்டம் அன்று சாப்பிடும்போது மருமகள் தட்டில் தானே ஒரு துண்டு மீன் எடுத்து வைத்தார். அம்பிகா தன் தட்டைப் பார்த்தாள். அதில் வால் துண்டுதான் இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். வயரிங் செய்ய வந்தவனிடம் சாமுண்டி சொன்னாளே, "அம்பிகா படிக்கிற மேசைக்குத் தனியா ஒரு லைன் இழுங்க, லைட்டும் ஃபேனும்" என்று, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கரண்ட் இல்லாத மத்தியானத்தில் தலைக்கு மேல் அந்த ஃபேன் சுற்றும். ஒவ்வொரு சுற்றும் அண்ணி போட்ட பிச்சை. நிறுத்தினால் வேர்க்கும். நிறுத்தாமல் உட்கார்ந்து, அந்த ஜோடி எப்போது பிரியும் என்று காத்திருந்தாள்.

பிரிந்தது. ஒரு விடியற்காலை அம்பிகா குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, பிரவீன் துண்டைச் சுருட்டித் தோளில் போட்டு அதன் மேல் ஒரு பேட்டரியை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"போட்டு பேட்டரி புட்டுகிச்சி. மீன் பாக்குற மெஷினே எரியல," என்றான், அவள் கேட்காமலே. "புதுசு வாங்குற வரைக்கும் இது ஓடட்டும்."

"ம்," என்றாள் அம்பிகா. வாயில் நுரை இருந்தது. துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம்.

அவள் எதிர்பார்த்தது ஒன்று. இன்வெர்ட்டர் நிற்கும், ஃப்ரீசர் நிற்கும், சாமுண்டி பார்த்து வாங்கியது நாலு பேர் முன்னால் மூக்கறுபடும். நடந்தது வேறு. பிரவீன் திரும்பி வந்து, போட்டில் இருந்த பழைய பேட்டரியைக் காலி இடத்தில் வைத்து வயரை முறுக்கிவிட்டுப் போனான். பச்சை விளக்கு எரிந்தது. ஃப்ரீசர் உறுமியது. அம்பிகாவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அன்றைக்கு மேகமூட்டம் வேறு.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா ராஜம்மா முதல் பஸ்ஸில் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நைனாவும் அண்ணனும் கடலிலிருந்து திரும்பி, கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் மட்டும்.

முதலில் லேசாகத்தான் வந்தது, அழுகிய முட்டை மாதிரி. வேறு ஊராக இருந்தால் தெருவே கூடியிருக்கும். இங்கே வாசலில் கருவாடு காய்கிறது, கரையில் நண்டு ஓடு குவிந்து கிடக்கிறது. நாற்றம் என்றால் யார் மூக்கும் மீனைத்தான் தேடும்.

அம்பிகாவுக்கு மட்டும் அது மீன் இல்லை என்று தெரிந்தது. எழுந்து போய் அறை வாசலில் நின்று பார்த்தாள். பழைய பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தது. மூடித் துளையில் புசுபுசுவென்று சத்தம். சார்ஜருக்குக் கிழடு எது, இளசு எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கும். புதுசு இன்னும் இன்னும் என்று கேட்க, நிறைந்து போன பழசு கொதிக்கிறது.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தாள். இப்போது சொன்னால் அண்ணி ஒருத்திக்குத்தான் தெரியும். நைனா வரட்டும். அண்ணன் வரட்டும். நாகம்மாளும் எட்டிப் பார்க்க வரும் நேரம்தான். எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கினாள். 'படிச்சவ சொன்னப்ப கேக்கல இல்ல?' இதில் ஆரம்பிக்கலாம்.

உள்ளே சாமுண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஃப்ரீசரைத் திறப்பது கேட்டது.

"அம்பிகா, உனக்கு நாத்தம் வருதா? இறாலு கெட்டுப்போச்சா இன்னா?"

"தெரியல அண்ணி."

சாமுண்டி ஒவ்வொரு பையாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். தரையில் மண்டியிட்டு ஃப்ரீசர் அடியில் துடைப்பக்குச்சியை விட்டு இழுத்தாள். பினாயில் ஊற்றித் துடைத்தாள். முகத்தில் பயம் இருந்தது. தன் யோசனை அழுகிவிட்டது என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்கிற பயம். அம்பிகா புத்தகத்துக்கு மேலாக அதைப் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது. அப்படித்தான் இருந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது.

"எலிகிலி செத்துக் கெடக்கும்போல. இந்த மூலைலதான் ஜாஸ்தி வருது," என்றாள் சாமுண்டி. சமையல்கட்டுக்குப் போய் வந்தாள். பிறகு ஒரு சின்னச் சத்தம். தீப்பெட்டியைக் குலுக்கும் சத்தம்.

அம்பிகா தலையை நிமிர்த்தினாள். சாமுண்டி பேட்டரிகளுக்கு முன்னால் குந்தியிருந்தாள். இடது கையில் ஊதுபத்தி. வலது கைக் குச்சி பெட்டியில் உரசியது. உப்புக்காற்றில் நமுத்த குச்சி, பிடிக்கவில்லை. இன்னொன்றை எடுத்தாள்.

"அண்ணி! கொளுத்தாத!"

நாற்காலி பின்னால் விழுந்தது. அம்பிகா ஓடிய வேகத்தில் சாமுண்டியின் கையிலேயே அறைந்தாள். குச்சிகள் ஈரத்தரை முழுக்கச் சிதறின. முடியோடு சேர்த்துத் தோளைப் பிடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து தள்ளினாள். வயரைத் தொடவில்லை; தொட்டால் பொறி பறக்கும். வெளிச்சுவரில் இருந்த சோலார் பலகைச் சுவிட்சைத்தான் முதலில் இறக்கினாள். பிறகு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். கரண்டும் இல்லாத நேரம்; பலகையும் நின்றதும் பழைய பேட்டரி தாங்காமல் ஃப்ரீசர் உறுமலை நிறுத்தியது.

சாமுண்டி வாசல் மணலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஊற்றியது.

"பேட்டரி கொதிக்குது. அந்த வாயுதான் உள்ள நெறஞ்சிருக்குது," என்றாள் அம்பிகா. மூச்சு வாங்கியது. "நெருப்பு காட்டியிருந்தா வெடிச்சிருக்கும். ஆசிட்டு நேரா மூஞ்சில."

சாமுண்டி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"நான் கேட்டப்ப தெரியலன்னியே?"

அம்பிகா மூக்கில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்தாள்.

"உங்க அண்ணன் பேட்டரிய மாத்தி வெச்சது?"

"பாத்தேன்."

"மாத்துவாருன்னு?"

"கடையிலயே தெரியும்."

பக்கத்து வீட்டுக் கருவாட்டில் காக்கை ஒன்று இறங்கியது. விரட்ட யாரும் எழவில்லை.

"எதுக்குடி?" சாமுண்டி அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

"நைனா உன்னத்தான் கேட்டாரு."

வாய்க்குள் இருந்தவரை அது மலை மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் மிட்டாய்க்கு அழுகிற குழந்தை பேசுகிற மாதிரி இருந்தது.

"அதுக்கா?" என்றாள் சாமுண்டி. எழுந்து மணலைத் தட்டினாள். அவிழ்ந்த முடியை முடிந்தாள். "நாத்தம் போனதும் இறால வெளிய எடு. கரையறதுக்குள்ள வித்துடணும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கூடையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை.

கோதண்டம் விஷயம் கேட்டு வீட்டுக்கு வந்தார். அம்பிகா சுவரில் சாய்ந்து நின்றாள். அண்ணி சொல்லட்டும். எல்லாத்தையும் சொல்லட்டும். நைனா கை ஓங்கினாலும் ஓங்கட்டும். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும். அதற்கும் வாக்கியம் அடுக்கி வைத்திருந்தாள்.

"அம்பிகாதான் மாமா, நாத்தத்த வெச்சே கண்டுபுடிச்சா," என்றாள் சாமுண்டி. "அவ ஓடியாந்து கையத் தட்டி வுடலன்னா என் மூஞ்சி வெந்திருக்கும்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாதி உண்மையை எடுத்து மடித்து எங்கேயோ வைத்துக்கொண்டாள்.

"டிகிரின்னா சும்மாவா," என்றார் கோதண்டம். அதற்குள் வந்து சேர்ந்திருந்த நாகம்மாளைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னார். மகள் தலையில் கை வைத்தார். மீன் வாசனை அடிக்கிற கனத்த கை. எத்தனை மாதமாக அவள் காத்திருந்த கை. அது தலையில் இருந்த நேரம் முழுக்க அவள் அண்ணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரவீன் திட்டு வாங்கினான். "வூட்டு பேட்டரிய எடுக்காம எவன் பேட்டரிய எடுப்பேன்? அதுல இம்மா விவகாரம் கீதுன்னு எவன் சொன்னான்?" என்றான் அவன். சாமுண்டி சிதறிக் கிடந்த குச்சிகளைப் பொறுக்கப் போனாள்.

மறுபடி பாசித்தின் கடை. இந்தத் தடவை கோதண்டம்தான் அம்பிகாவைக் கூப்பிட்டார்; சாமுண்டியும் வந்தாள். பாசித் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "போட்டுக்குத் தூக்கினு போவீங்கன்னு எனக்கு எப்டிண்ணே தெரியும்? யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தூக்காதீங்கன்னு சொல்லியிருப்பேனே."

சாமுண்டி கடைச் சுவரில் தொங்கிய வயர்ச் சுருளை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டத்தின் கழுத்து திரும்பியது. "நீ இன்னாமா சொல்ற?"

அம்பிகாவைத்தான் கேட்டார்.

"லித்தியம்," என்றாள். குரல் தானாகவே தணிந்திருந்தது. "ஆள் ஒயரத்துக்கு மேல மாட்டணும், புயல் தண்ணி எட்டாத எடத்துல. தூக்கினு போன நல்ல பேட்டரி போட்டுக்கே இருக்கட்டும். வூட்டுது வூட்டுக்கு, போட்டுது போட்டுக்கு. இனிமே எதுவும் எடம் மாறக் கூடாது."

புயல் தண்ணி என்றபோது நாக்கு ஒரு கணம் தடுக்கியது. அது அண்ணியின் யோசனை. அதை எடுக்காமல் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

கோதண்டம் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே அந்தக் கழுத்து இன்னும் கொஞ்சம் திரும்பியது.

"நீ இன்னாமா சொல்ற?"

சாமுண்டி வயர்ச் சுருளிலிருந்து கண்ணை எடுத்தாள். 'ஆனா' வரும் என்று அம்பிகா காத்திருந்தாள். வந்தால் போதும். வந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம், பழையபடி ஆகிவிடலாம்.

"அம்பிகா சொன்னா சரி மாமா," என்றாள் சாமுண்டி. பிறகு பாசித்திடம், "பாய், மாட்ட வர்றப்ப மொதல்ல அவ மேசை லைனப் பாத்துக் குடுங்க. பரிச்ச வருது அவளுக்கு."

அந்தக் குரலில் ஒரு குத்தல், ஒரு ஏளனம், ஒரு சின்னப் பிசிறு இருக்கிறதா என்று அம்பிகா தேடினாள். ஷேர் ஆட்டோவில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து வீடு வந்து சேரும்வரை தேடினாள். கிடைக்கவில்லை. அதற்காக அவள் அண்ணியை மன்னிப்பதாக இல்லை.